செம்புக்கும் சட்டம் உண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு தொலைபேசியில் நீங்கள் மூன்று கேள்வி கேட்டீர்கள். எந்த வாய்க்கால்? எத்தனை பேர்? ஆர் காசு? பதில் சொல்ல வாயெடுக்க முதல் அம்மா போனைப் பறித்து, "அவனுக்கு நீந்தத் தெரியாதெல்லோ" என்று தொடங்கிவிட்டா. கடைசியில் நீங்கள், "கதை அளக்காமல் பேப்பரில போடுற மாதிரி விபரமா எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அப்படியே ஆகட்டும். பேப்பரில் 'நான்' வராது. ஆகவே கீழே 'உங்கள் மகன்' என்று ஒருவர் வருவார். ஆளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஸ்காபரோவில் வெயில் எறித்தால் ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் ஒரு பூங்காவைப் பிடித்து ஒன்றுகூடல் வைக்கும். கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், கொத்துரொட்டி, பிறகு ஒலிவாங்கியை விட மனமில்லாத ஒரு தலைவர். இந்த வருடக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "எத்தனை காலத்துக்கு ஒரே பார்க்கில நிண்டு கோழி வாட்டுறது? றிடோ கால்வாயில சின்ன மோட்டார் போட்டுகள் எடுத்து வரிசையாப் போவம்" என்றார். அந்த ஒருவர் உங்கள் மகன். யோசனை சொன்னவரே ஏற்பாட்டாளர் என்பது ஊர்ச் சங்கங்களின் எழுதாத யாப்பு. அன்றிரவே வட்ஸ்அப்பில் குழு திறந்தார்கள். அதற்குப் பெயர் வைப்பதில் ஒரு கிழமை போயிற்று.

முதலில் வாய்க்கால். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்கிற முழங்கால் ஆழச் சமாசாரத்தை மறந்துவிடுங்கள். றிடோ கால்வாய் தலைநகர் ஒட்டாவாவில் தொடங்கி, ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கிற கிங்ஸ்ரன் வரை 202 கிலோமீற்றர் போகிறது. அதில் வெட்டியது கொஞ்சம்தான். மிச்சம் முழுவதும் அணை கட்டி மட்டம் உயர்த்திய ஆறுகளும் ஏரிகளும். 1812இல் பிரித்தானியரும் அமெரிக்கரும் சண்டை பிடித்தபோது, மொன்றியலிலிருந்து கிங்ஸ்ரனுக்குச் சாமான் போன சென்ற் லோறன்ஸ் ஆற்றின் மறுகரையில் எதிரி நின்றான். அடுத்த முறை அவன் ஆற்றை மறித்தால் என்ன செய்வது என்று பயந்து, காட்டுக்குள்ளால் ஒரு மாற்று வழி அமைக்க ஜோன் பை என்ற இராணுவப் பொறியியலாளரை அனுப்பினார்கள். அவர் 1826இல் தொடங்கினார். 1832இல் கால்வாய் திறந்தது. சண்டை வரவேயில்லை. கணக்கு விசாரணைதான் வந்தது. அனுமதித்ததைவிடக் கூடச் செலவழித்தாய் என்று மனுஷனை இங்கிலாந்துக்குத் திருப்பி அழைத்தார்கள். 1836இல் அவர் காலமானார். அவர் போட்ட பைரவுண் என்ற குடியேற்றம்தான் பிறகு ஒட்டாவாவாகி நாட்டுக்கே தலைநகரானது. 'ஆர் காசு' என்ற கேள்வி இந்தக் கால்வாயில் உங்களுக்கு முன்னரே கேட்கப்பட்டது என்பதை உங்கள் மகன் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறார்.

ஒட்டாவாப் பக்கமிருந்து கால்வாய் 83 மீற்றர் ஏறி, நடுவிலிருக்கும் ஏரியில் உச்சியைத் தொட்டு, கிங்ஸ்ரனுக்கு 50 மீற்றர் இறங்குகிறது. போட் மலையேறாதே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் லொக். இரண்டு பக்கமும் கல்லுச் சுவர், முன்னும் பின்னும் பெரிய மரக் கதவு. போட் உள்ளே போனதும் பின்கதவைச் சாத்தித் தண்ணீரை உள்ளே விட்டால் போட் உயரும், வெளியே விட்டால் தாழும், பிறகு முன்கதவு திறக்கும். பிரதான வழியில் இப்படி 45 லொக்குகள். ஒரு சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் இன்றைக்கும் கையால் சுற்றுகிறதுதான். கோடை விடுமுறையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து, இரும்புக் கைபிடியை இரண்டு பேராகப் பிடித்துச் சுற்றிச் சுற்றிச் சங்கிலியால் கதவை இழுப்பார்கள். கார்க் கதவு தானாகத் திறக்கிற நாட்டில், மத்திய அரசு சம்பளம் கொடுத்துக் கையால் கதவு திறப்பிக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே உங்கள் மகனுக்குக் கனடா அரசில் மதிப்புக் கூடியிருக்கிறது.

202 கிலோமீற்றரும் போவதில்லை. சனிக்கிழமை ஒரு நாள்தான். எல்லாருக்கும் ஞாயிறு ஒன்றில் வேலை, இல்லையென்றால் ஆருடையதோ சாமத்தியவீடு. நியூபரோப் பக்க ஏரியில் வாடகைக்குப் போட் எடுத்து, சஃபீஸ் லொக், ஒப்பினிக்கன் ஏரி, டேவிஸ் லொக், சாண்ட் ஏரி என்று இறங்கி, ஜோன்ஸ் ஃபோல்ஸில் கட்டிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. ஜோன்ஸ் ஃபோல்ஸில் நான்கு லொக்கும், அந்தக் காலத்தில் வட அமெரிக்காவிலேயே உயரமானது என்று பேர் வாங்கிய, வளைந்த கல்லணையும் இருக்கின்றன. ஒப்பினிக்கன் ஏரிக்கரையில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வு நிலையம். அந்தக் காட்டில்தான் கனடாவின் மிக நீளமான பாம்பும் இருக்கிறது. சாரை மாதிரி எலி பிடிக்கிற பாம்பு, விஷமில்லை. இந்தக் கடைசிச் செய்தியை உங்கள் மகன் குழுவில் போடவில்லை. போட்டால் பெண்கள் பக்கம் முழுவதும் பூங்காவுக்கே திரும்பிவிடும்.

அம்மா இங்கே நுளம்பு இருக்கோ என்று கேட்டா. இருக்கிறது. இன்றைய நுளம்பு கடிக்க மட்டும்தான் செய்யும். அன்றைக்கு வன்னிக் காட்டில் போல இங்கேயும் மலேரியா! இவ்வளவு பனி கொட்டுகிற நாட்டில் மலேரியாவா என்று உங்கள் மகனும் இரண்டு முறை வாசித்தார். கால்வாய் கட்டியபோது சுமார் ஆயிரம் பேர் இறந்ததாகவும், அதில் பாதியளவு மலேரியா என்றும் கணக்கிடுகிறார்கள். சஃபீஸ் லொக்குக்குப் பேர் கொடுத்த ஆலைச் சொந்தக்காரர் சாமுவேல் சஃபீயும் 1827இல் காய்ச்சலில்தான் போனார். செத்ததில் பெரும்பங்கு அயர்லாந்திலிருந்து கூலி வேலைக்கு வந்த சனம். கொயினா வாங்கக் காசில்லாத வந்தேறிகள். அவர்கள் வெட்டிய காட்டுக்குள்தான் நாங்கள் கொத்துரொட்டியோடு உல்லாசம் போகிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். கனடாவில் ஆறு மீற்றருக்கு உட்பட்ட மோட்டார் போட்டில் இருக்கவேண்டிய சாமான்களுக்கு ஒரு சட்டப் பட்டியல் உண்டு. ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற். மிதக்கிற எறிகயிறு, 15 மீற்றருக்குக் குறையக்கூடாது. துடுப்பு, அல்லது 15 மீற்றர் கயிற்றோடு நங்கூரம். ஊதுகுழல். இதெல்லாம் நியாயம். அடுத்து வருகிறது, தண்ணீர் அள்ளி ஊற்றும் பாத்திரம். கைப்பம்பு இல்லாவிட்டால் இது கட்டாயம். எப்படிப்பட்ட பாத்திரம்? பிளாஸ்ரிக்கால் அல்லது உலோகத்தால் செய்திருக்கவேண்டும். 750 மில்லிலீற்றராவது கொள்ளவேண்டும். வாய்ப்பரப்பு 65 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது.

உங்களிடம் கணிதம் படித்த பிள்ளை சும்மா இருப்பாரா? வட்ட வாய் என்றால் விட்டம் 9.1 சென்ரிமீற்றர் வரவேண்டும் என்று கணக்குப் போட்டுக் குழுவில் அறிவித்தார். அந்த நிமிடத்திலிருந்து ஸ்காபரோவில் இருபத்திரண்டு வீட்டுக் குசினிகளில் அடிமட்டத்தோடு ஆட்கள்.

அம்மா தந்துவிட்ட எவர்சில்வர்ச் செம்பு முதலில் சோதனைக்கு வந்தது. கொள்ளளவு தாராளம். வாய் எட்டரை. தோல்வி! கழுத்துச் சிறுத்த எந்தச் செம்பும் கனடாவில் தண்ணீர் இறைக்கத் தகுதியில்லாதது. மூக்குப்பேணி ஒன்றை ஒருவர் படம் பிடித்துப் போட்டார், பித்தளை, சீதனமாக வந்தது. உலோகம் சரி, கொள்ளளவு போதாது. சிரட்டை என்றார் இன்னொருவர். பிளாஸ்ரிக்குமில்லை, உலோகமுமில்லை, தள்ளுபடி. அப்படியென்றால் துலாக் கிணற்றில் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறைத்த பனையோலைப் பட்டை? தண்ணீர் இறைப்பதற்கென்றே பிறந்த சாமான், சட்டத்தின் கண்ணில் அது வெறும் ஓலை. இதைக் கேட்டுச் சங்கத்தின் கலாசாரச் செயலாளர் கொதித்துப்போய், போக்குவரத்து அமைச்சுக்கு மனு அனுப்பவேண்டும் என்று எழுதினார். மனுவின் முதல் வரைபு வந்துவிட்டது, இரண்டு பக்கம்.

சருவச்சட்டி வெற்றி. உலோகம், வாய் ஒரு முழம், கொள்ளளவு ஒரு குடும்பத்துக்குக் காணும். சட்டத்தில் ஆகக்குறைந்த அளவுதான் உண்டு, ஆகக்கூடிய அளவு இல்லை. ஆனால் பெண்கள் அதை விடமாட்டார்கள், சம்பல் அதற்குள்தான் வருகிறது. சம்பல் இருக்கும்போது அது தண்ணீர் அள்ளும் பாத்திரமா, சம்பல் முடிந்த பிறகுதான் பாத்திரமா என்ற கேள்விக்கு உங்கள் மகனால் சட்டத்தில் விடை காண முடியவில்லை. வெள்ளைக்காரர் என்ன செய்கிறார்கள் என்று வேலையிடத்தில் விசாரித்தார். பால் பிளாஸ்ரிக் கானை அடிப்பக்கம் வெட்டினால் போதும் என்றார்கள். மற்ற இடத்தில் அது சரி. ஒன்ராறியோவில் நாலு லீற்றர்ப் பால் பையில் வருகிறது! பையை வெட்டிப் போட் இறைக்கலாமா? கடைசியில் கார்க் கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர்க் கான்களைச் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். வாய் அளந்து, மேலே "750+" என்று மாக்கரால் எழுதி, போட்டுக்கு ஒன்று. உங்கள் மகனின் கராஜில் வரிசையாக இருக்கின்றன. அயலவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

போட் ஓட்டவும் அட்டை வேண்டும். மோட்டார் பூட்டிய எந்தப் போட்டுக்கும், சின்னதென்றாலும், பரீட்சை எழுதி 75 வீதம் எடுக்கவேண்டும். வாடகைப் போட் என்றால் கடைக்காரர் ஒரு பட்டியலை வாசித்து விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கினால் அன்றைக்குச் செல்லும். ஆனாலும் உங்கள் மகன் முறையாகப் பரீட்சை எழுதினார். நல்ல புள்ளி. சொல்லிக்கொள்ள விருப்பமில்லை, 94. அட்டை ஆயுளுக்கும் செல்லும். கடவுச்சீட்டே பத்து வருடம்தான் தருகிறார்கள் என்பதை யோசித்தால் இது எவ்வளவு பெரிய கௌரவம் என்று அம்மாவுக்கு நீங்கள் விளங்கப்படுத்தவேண்டும். நீந்துவது பற்றி அந்தப் பரீட்சையில் கேட்கமாட்டார்கள். லைஃப் ஜக்கெற் போட்டில் இருந்தால் போதும், பெரியவர்கள் போட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்றுகூடச் சட்டமில்லை. உங்கள் மகன் காரிலேயே போட்டுக்கொண்டுதான் போவார்.

ஒவ்வொரு சின்னப் போட்டிலும் ஒரு தகடு ஒட்டியிருக்கும். இத்தனை பேர், இத்தனை கிலோ, இவ்வளவு குதிரைவலு, அதற்குமேல் ஏற்றாதே என்று. ஆட்களைப் பிரிக்க எல்லாரும் நிறையைத் தெரிவியுங்கள் என்று உங்கள் மகன் குழுவில் எழுதினார். இரண்டு நாள் மயான அமைதி. பிறகு வந்த கணக்கைக் கூட்டினால், முழு ஊரும் சேர்ந்து ஒரு ஃபுட்போல் ரீம் அளவுகூட இல்லை. ஒரு அக்கா நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தா. அது வயதாகவும் இருக்கலாம். ஆகவே தகட்டில் ஐந்து பேர் என்றால் நாலு பேர் என்று உங்கள் மகன் தன்பாட்டில் குறைத்துவிட்டார். அதனால் போட் ஆறு, வாடகை கூடுகிறது. லொக்குக்கும் கட்டணம் போட்டின் நீளத்தைப் பார்த்து, அதுவும் அடிக்கணக்கில். வீதி கிலோமீற்றர், பெற்றோல் லீற்றர், தண்ணீர் அள்ளும் பாத்திரம் மில்லிலீற்றர், போட் மட்டும் அடி. காசு தலைக்குப் பிரித்துத்தான், சங்கத்தின் பணத்தில் ஒரு சதமும் எடுக்கவில்லை. பொருளாளர் எடுக்க விடவுமில்லை.

மற்றச் சட்டம் ஆண்கள் பக்கத்தைத் தாக்கியது. ஒன்ராறியோவில் போட்டில் குடிக்கவேண்டுமென்றால் நிரந்தரப் படுக்கை, நிரந்தர அடுப்பு, நிரந்தரக் கழிப்பறை மூன்றும் பூட்டிய போட்டாக இருக்கவேண்டும், அதுவும் கட்டி நிறுத்தியோ நங்கூரம் போட்டோ நிற்கவேண்டும். பதினாறடி அலுமினியப் போட்டில் இதில் எதைப் பூட்டுவது? குடித்துப் போட் ஓட்டிப் பிடிபட்டால் கார் லைசென்ஸும் போகும். டக்ஸி ஓடுகிற மச்சானுக்கு இதை வாசித்துக் காட்டியதும் அவர் அன்றைக்கு மோர் குடிப்பதாக அறிவித்துவிட்டார்.

மிதவை விஷயத்தில்தான் குழு இரண்டாகப் பிளந்தது. ஏரிக்குள் வழி காட்டச் சிவப்பும் பச்சையும் மிதவைகள் போட்டிருப்பார்கள், வழிதவறினால் அடியில் பாறை. நீரோட்டத்தை எதிர்த்து ஏறும்போது சிவப்பு வலப்பக்கம். இறங்கும்போது இடப்பக்கம். றிடோவில் உச்சி நடுவில் இருப்பதால் ஒட்டாவாவிலிருந்து நேரே வருகிறவருக்கு நடுவழியில் எல்லாம் மாறிவிடும். நாங்கள் நியூபரோவிலிருந்து போகும்போது இறக்கம், ஆகவே சிவப்பு இடது. திரும்பும்போது வலது. உங்கள் மகன் இதைப் படம் கீறிப் போட்டார். "காலமை ஒரு சட்டம், பின்னேரம் ஒரு சட்டமோ" என்று கேட்டவர்களுக்காக இன்னொரு படம் கீறினார். இப்போது சிவப்பு இடது என்று ஒரு கட்சி, வலது என்று ஒரு கட்சி. இரண்டும் சரி என்று சொல்கிற உங்கள் மகனை இரண்டு கட்சியும் நம்புவதில்லை.

இவ்வளவுக்கும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர் மேற்கு வீதி மாமா. அவரை உங்களுக்குத் தெரியும். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்து வந்ததும், மீன்பிடிக்காரர் கண்டு தூக்கியதும் அங்கே பேப்பரிலும் வந்திருக்கும். மாமா அந்த 155இல் ஒருவர். போட் என்றாலே வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பாத்திரச் சட்டத்தைப் பற்றி இருநூறுக்கு மேல் செய்தி வந்த பிறகு, அவர் தன்ர குரலில் ஒரு வரி அனுப்பினார்: "எங்களை ஏத்தினவன் வாளி இருக்கோ எண்டு கேக்கேல்லைத் தம்பி." அன்று முழுவதும் குழுவில் ஆரும் எழுதவில்லை. அடுத்த நாள் காலையில் அவரே மறுபடி, தான் வருவதாகவும், ஆனால் இயந்திரத்தைத் தான்தான் பிடிப்பேன் என்றும் எழுதினார். முதல் போட் அவருக்கு. அவருக்கு அட்டை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பு உங்கள் மகனுக்கு. மாமாவுக்குக் கேள்விகள் பிடிக்கவில்லை. கடலில் ஒரு பாய்க்கப்பலுக்கு ஆர் வழிவிடவேண்டும் என்று கேட்டால், "பெரியவன் விடமாட்டான், சின்னவன்தான் விடோணும்" என்கிறார். அனுபவம் சரி, விடை பிழை.

போன கிழமை உங்கள் மகன் தனியே போய்ச் சஃபீஸ் லொக்கைப் பார்த்துவிட்டு வந்தார். கரையில் நீலக் கோடு தீட்டிய இடத்தில் கட்டி நின்றால், உள்ளே வரப்போகிறோம் என்று அர்த்தம். உள்ளே போனதும் இயந்திரத்தை நிறுத்தவேண்டும், சிகரெட் கூடாது. சுவரோடு மேலிருந்து கீழாகக் கம்பிவடம் தொங்கும். கயிற்றை அதில் சுற்றிப் பிடிக்கவேண்டும், கட்டக்கூடாது. கட்டினால் தண்ணீர் இறங்கும், போட் இறங்காது, தொங்கும். சின்ன அலுமினியப் போட் ஒன்றில் ஒரு கிழவரும் பேத்தியும் நின்றார்கள். கைபிடி சுற்றச் சுற்ற, ஈரக் கல்லுச் சுவர் வரிசை வரிசையாக மேலே எழும்பியது. கதவு திறந்து கிழவர் இயந்திரத்தின் கயிற்றை இழுக்க, அந்தச் சத்தமும் பெற்றோல் மணமும் வந்தது பாருங்கள், குறிகட்டுவானில் நயினாதீவு போட்டுக்குள் அர்ச்சனைப் பையோடு நெருக்கிக்கொண்டு நின்ற ஆட்களில் ஒருவராகிவிட்டார் உங்கள் மகன். ஆனி மாதம், அங்கே திருவிழா நேரம். லொக்கில் கைபிடி சுற்றிய பெடியன் "ஆர் யூ ஓகே, சேர்?" என்று கேட்கிற அளவுக்கு நின்றிருக்கிறார். எத்தனை பேர் ஏறினோம், தகட்டில் என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்கு ஆரும் பார்த்ததில்லை. அம்மன் பார்த்துக்கொண்டா. இங்கே அந்த வேலையைப் போக்குவரத்து அமைச்சுப் பார்க்கிறது. அமைச்சுக்கு நேர்த்தி வைக்க முடியாது என்பதுதான் குறை.

இப்போதைய நிலைவரம்: திகதி ஆடியில் கடைசிச் சனி. சிலர் ஆடியில் புதுக்காரியம் கூடாது என்கிறார்கள். ஆவணியில் வாடகைப் போட் எல்லாம் முடிந்துவிட்டதாகக் கடைக்காரர் சொல்கிறார். மழை பெய்தால் என்ன செய்வது என்பதற்குத் தனிக் குழு திறந்திருக்கிறார்கள். பகல் சாப்பாட்டுக்கு இடியப்பமா புட்டா என்று வாக்கெடுப்பு, பதினொன்றுக்குப் பதினொன்று. மாமா இன்னும் வாக்குப் போடவில்லை, தன்னிடம் கேட்டது போட் ஓட்டத்தான் என்கிறார். முதல் போட்டில் முன்னுக்கு இருந்து படம் பிடிக்கத் தனக்குத்தான் இடம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். ஒலிவாங்கியும் கொண்டுவருகிறாராம், பற்றரியில் வேலை செய்கிறது. அதன் நிறையைத் தகட்டுக் கணக்கில் சேர்ப்பதா என்று பொருளாளர் கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் போடவேண்டும், மிச்சம் ஞாயிறு தொலைபேசியில்.

அன்பு மகன்